கார்புரேட்டர் ஸ்பேசரும் பானெட் ரப்பரும்: டர்பன் வெயிலில் பழைய கார் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மினி, டாட்சன் 1200, நிசான் 1400 பக்கி (சின்னப் பிக்கப்), பழைய கொரோலா, கோர்ட்டினா போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். ஸ்பேசர் என்பது எஞ்சின் சூடு ஏறாமலிருக்கக் கார்புரேட்டருக்கு அடியில் வைக்கும் துண்டு. பானெட் ரப்பர் என்பது பானெட் உட்காரும் ரப்பர்கள். ஸ்பேசரையும் பானெட் ரப்பரையும் ஒரே பக்கத்தில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பானெட்டுக்கு அடியில் இருக்கும் இடம் சில மில்லிமீட்டர்தான். ஸ்பேசர் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், தேய்ந்த ரப்பர் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் தனித்தனி வேலையாக நினைத்துச் செய்பவர்களின் பானெட்டில்தான் நடுவில் ஒரு மேடு கிளம்புகிறது.

ஓடும்போது நன்றாக ஓடுகிறது. நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தால் திணறுகிறது. ஏன்?

வண்டி ஓடும்வரை விசிறி காற்றைத் தள்ளுகிறது, தண்ணீர் சுற்றுகிறது, டாங்கிலிருந்து வரும் பெட்ரோலே கார்புரேட்டரைக் குளிர்விக்கிறது. சாவியைத் திருப்பி நிறுத்தியதும் மூன்றும் ஒன்றாக நின்றுவிடும். எஞ்சின் இரும்பில் இருக்கும் சூடு போக வேறு வழியில்லாமல் மேலே ஏறும். மினி, டாட்சன் 1200, 1400 பக்கி, கே வரிசை எஞ்சின் உள்ள கொரோலா எல்லாவற்றிலும் புகை மேனிபோல்டும் (புகை வெளியேறும் குழாய்) இன்டேக் மேனிபோல்டும் (காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் குழாய்) ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அடுப்புக்கு மேலே பால் பாத்திரம் வைத்ததுபோல் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. நிறுத்திய பத்து முதல் இருபது நிமிஷத்துக்குள் அதன் சூடு உச்சத்துக்குப் போகும். பெட்ரோலின் லேசான பகுதி 35–40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும்.

அதன்பின் இரண்டில் ஒன்று நடக்கும். ஃப்ளோட் தொட்டியில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்) பெட்ரோல் கொதித்து மேனிபோல்டுக்குள் வழிந்தால் எஞ்சின் மூழ்கிப்போகும், பெட்ரோல் வாசனை தூக்கலாக வரும். அப்படியானால் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி, பம்ப் செய்யாமல், ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். குழாயிலும் பம்பிலும் ஆவி நிறைந்துவிட்டால் வாசனையே இருக்காது, ஃப்ளோட் தொட்டி காய்ந்திருக்கும். பம்பின்மேல் ஈரத்துணியைப் போட்டுச் சற்றுப் பொறுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தைப்பூசம் நமக்கு நடுக்கோடையில் வருகிறது. குட் ஃப்ரைடே அன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் பக்கம் வண்டி ஊர்ந்துதான் போகும். நின்று நின்று போகும் அந்த வரிசைதான் இந்தக் கோளாறு வெளிப்படச் சரியான இடம்.

அது கார்புரேட்டர் சூடுதான் என்று எப்படி உறுதி செய்வது?

ஸ்பேசர் வாங்குவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். சூட்டில் மக்கர் பண்ணும் கண்டென்சரும் இக்னிஷன் காயிலும் இதே அறிகுறியைத்தான் காட்டும். கோளாறு நடக்கும் அந்த நேரத்திலேயே ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கார்புரேட்டரைத் தொட வேண்டாம். ஸ்பார்க் நன்றாக இருந்தால் ஏர் கிளீனரைக் கழற்றி, எஞ்சின் ஓடாத நிலையில், டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தால் நோய் பிடிபட்டுவிட்டது. பக்கத்தில் யாரும் சிகரெட்டோடு நிற்கக் கூடாது.

ஃப்ளோட் தொட்டிக்குப் பெட்ரோலை விடும் ஊசி வால்வு தேய்ந்திருந்தாலும், ஃப்ளோட் உயரம் தவறாக இருந்தாலும் இதேபோல் சொட்டும். பின்னால் வாங்கிப் போட்ட எலெக்ட்ரிக் பம்பாக இருந்தால் அழுத்தத்தை அளந்து பாருங்கள். எஸ்யூ கார்புரேட்டரில் 3 பிஎஸ்ஐயைத் தாண்டினால் ஊசி வால்வு தாங்காமல் வழியத் தொடங்கலாம். அதற்கு ஸ்பேசர் மருந்தல்ல.

கடற்கரையில் சரியாக இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் போகும்போது மட்டும் தகராறு செய்கிறதே?

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறையக் குறையப் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். அதோடு ஏற்றமும் சேர்ந்துகொள்கிறது. பைன்டவுனில் ஃபீல்ட்ஸ் ஹில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் டவுன் ஹில், அப்புறம் வான் ரீனன் கணவாய். டவுன் ஹில் உச்சிக்குப் போனதும் உடனே நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று நிமிஷம் ஐட்லிங்கில் ஓடவிட்டு அணைத்தாலே பாதித் தொல்லை குறையும். டர்பனில் டியூன் செய்த வண்டி மேலே போனதும் பெட்ரோலை அதிகம் குடிப்பது வேறு விஷயம். காற்று மெலிந்துவிட்டது என்பதுதான் அதற்குக் காரணம், சூடு அல்ல.

ஸ்பேசர் என்ன பொருளில் இருக்க வேண்டும்?

பேக்கலைட், அதாவது ஃபீனாலிக் பிசினில் துணியோ காகிதமோ வைத்து அழுத்திய கறுப்பு அல்லது பழுப்புப் பலகை. அலுமினியம் இதைவிடப் பல நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே கடையில் பளபளவென்று கிடைக்கும் அலுமினிய ஸ்பேசர் உயரத்தைக் கூட்டுமே தவிர, சூட்டைத் தடுக்காது. நைலான், பெர்ஸ்பெக்ஸ் துண்டுகளை வெட்டிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். சூட்டில் அவை இளகி, நட்டுத் தளர்ந்து, காற்றுக் கசியும். கசியாமலிருக்க நடுவில் வைக்கும் மெல்லிய கேஸ்கெட்டை நாலைந்தாக அடுக்கிப் போடுவதும் அந்த ரகம்தான்.

வாங்கும்போது நடு ஓட்டையை அளந்து பாருங்கள். ஸ்பேசரின் ஓட்டை கார்புரேட்டர் வாயைவிடச் சிறியதாக இருந்தால் உள்ளே ஒரு படி நிற்கும், காற்று அதில் முட்டிச் சுழலும். எஸ்யூ எச்எஸ்2வின் வாய் ஒன்றேகால் அங்குலம், எச்எஸ்4 ஒன்றரை அங்குலம். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

எவ்வளவு தடிமன் போடலாம்?

இந்தக் கேள்விக்குக் கடைக்காரரைவிட உங்கள் பானெட்தான் சரியான பதில் சொல்லும். முதலில் பானெட் ரப்பர்களை மாற்றி உயரத்தைச் சரிசெய்யுங்கள். அதற்கு முன் அளக்கும் அளவு எதுவும் நிற்காது. 20 மி.மீ. உயர ரப்பர் முப்பது வருஷத்தில் நசுங்கி 14 மி.மீ. ஆகியிருக்கலாம். அந்த 6 மி.மீ.தான் நீங்கள் போட நினைக்கும் ஸ்பேசரின் தடிமனும்.

பிறகு பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசைன் களிமண்ணில் எலுமிச்சம்பழ அளவு உருட்டி, ஏர் கிளீனரின் மேல் நட்டில் வையுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டுவிட்டால் பானெட்டில் ஒட்டாது. பானெட்டைப் பூட்டும்வரை மூடித் திறந்து, நசுங்கிய உருண்டையின் தடிமனைக் கத்தியால் வெட்டி அளந்துகொள்ளுங்கள். எஞ்சின் தன் ரப்பர் மவுண்டில் ஆடும், கியர் போட்டு ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஒரு பக்கம் தூக்கும். அதற்காக 15 மி.மீ. விட்டுவிடுங்கள். களிமண் 22 மி.மீ. காட்டினால் மீதி 7. கேஸ்கெட்டையும் கணக்கில் சேர்த்தால் 5 அல்லது 6 மி.மீ. ஸ்பேசர் போதும். 16 காட்டினால் ஸ்பேசர் ஆசையை விட்டுவிட்டு, தட்டையான ஏர் கிளீனரைத் தேடுங்கள்.

இது மேலிருந்து கீழே மூச்சு விடும் கார்புரேட்டர்களுக்கான கணக்கு. மினியிலும் எம்ஜியிலும் கார்புரேட்டர் பக்கவாட்டில் நிற்பதால் ஸ்பேசர் அதை வெளிப்பக்கம் தள்ளும். மினியில் அந்தப் பக்கம் ஃபயர்வால்தான், அதாவது எஞ்சினுக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடுதான், இருக்கிறது. அங்கே பானெட்டுக்குப் பதில் ஏர் கிளீனருக்கும் தகட்டுக்கும் நடுவில் அளந்து பாருங்கள்.

என்னென்ன வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

ஒரு கார்புரேட்டருக்கு ஒரு ஸ்பேசர். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு புதுக் கேஸ்கெட்: தகட்டுக் கவசம் (புகை மேனிபோல்டின் சூட்டை மறைக்கும் தகடு, கடைசிக் கேள்வியில் வருகிறது) இல்லையென்றால் இரண்டு, இருந்தால் மூன்று. நீளமான ஸ்டட்கள் (இரண்டு முனையிலும் மரை உள்ள கம்பி), புது நட்டுகள், ஸ்ப்ரிங் வாஷர்கள். அரை மீட்டர் பெட்ரோல் ஹோஸ், இரண்டு கிளிப். நைலான் வளையம் உள்ள நட்டை இங்கே தவிர்த்துவிடுங்கள், சூட்டில் அதன் பிடி போய்விடும்.

ஸ்டட் நீளத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு கணக்கு: ஸ்பேசர் 6, கேஸ்கெட் மூன்று 0.8 வீதம் 2.4, கவசத் தகடு 1, கார்புரேட்டர் காது (ஸ்டட் நுழையும் விளிம்பு) 10, வாஷர்கள் 3, நட்டு 7, நட்டுக்கு மேல் தெரிய 2. ஆக 31.4 மி.மீ. வெளியே நிற்க வேண்டும். அலுமினிய மேனிபோல்டுக்குள் 12 மி.மீ. இறங்க வேண்டும். மொத்தம் 43.4 என்பதால் 45 மி.மீ. ஸ்டட் வாங்குங்கள். பழைய ஸ்டட்டிலேயே சமாளிக்கலாம் என்று நட்டை நாலு மரையில் மாட்டினால், அது கொஞ்ச நாளில் கையோடு வந்துவிடும்.

மரை விஷயத்திலும் கவனம் தேவை. ஆங்கிலேய வண்டிகளில் 5/16 அங்குலம். அலுமினியத்துக்குள் போகும் முனை பெரும்பாலும் கரடு மரை, நட்டு ஏறும் முனை நுண் மரை. ஜப்பான் வண்டிகளில் எம்8, 1.25 மரை. 5/16 என்பது 7.94 மி.மீ. எம்8 நட்டு அதில் கையால் ஓரிரண்டு சுற்று ஏறிவிடும், பிறகுதான் பிடிக்கும். ஸ்பேனரால் இழுத்தால் இரண்டும் பாழ்.

பொருத்துவது எப்படி?

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றுங்கள். லிங்கேஜையும் (ஆக்சிலரேட்டர் இணைப்புக் கம்பிகள்) ஸ்ப்ரிங்குகளையும் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஓட்டையில் எந்த ஸ்ப்ரிங் என்பது ஒரு மணி நேரம் கழித்து நினைவிருக்காது. பெட்ரோல் ஹோஸைக் கழற்றியதும் அதன் வாயில் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போடுங்கள்.

கார்புரேட்டரை எடுத்ததும் மேனிபோல்ட் வாயில் சுத்தமான துணியைத் திணித்துவிட்டுத்தான் பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட வேண்டும். ஸ்க்ரூட்ரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் கோடு விழும், அந்தக் கோட்டில் காற்றுப் போகும். பிளாஸ்டிக் அல்லது பித்தளைத் தகடு போதும்.

கார்புரேட்டர் காதின் முகத்தில் எஃகு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பழைய கார்புரேட்டர் பெரும்பாலானவற்றில் இரண்டு முனையும் வில்போல் வளைந்திருக்கும், யாரோ எப்போதோ பலமாக முறுக்கியதன் விளைவு. 0.1 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால், கண்ணாடித் துண்டின்மேல் 320 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, எட்டு போட்ட மாதிரி தேய்த்துச் சமமாக்குங்கள். தூளைக் கழுவாமல் பூட்டாதீர்கள்.

ஸ்டட்டைக் கழற்ற இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, கீழ் நட்டைத் திருப்புங்கள். வராவிட்டால் க்யூ20 எண்ணெய் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். பிறகு வரிசை: மேனிபோல்ட், கேஸ்கெட், ஸ்பேசர், கேஸ்கெட், கவசத் தகடு, கேஸ்கெட், கார்புரேட்டர். எல்லாம் உலர்ந்தபடியே போட வேண்டும். சிலிகான் பசை வேண்டவே வேண்டாம். பெட்ரோல் பட்டால் அது ஊறி உப்பி, துண்டு துண்டாகப் பிய்ந்து எஞ்சினுக்குள் போகும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

உங்கள் வண்டிக் கையேடு சொல்வதுதான் முதல். இல்லையென்றால் எம்8, 5/16 நட்டுக்கு 15 நியூட்டன் மீட்டர், எம்6க்கு 7. எல்லா நட்டையும் விரலால் ஏற்றி, பாதி அளவு மாற்றி மாற்றி இறுக்கி, பிறகு முழு அளவுக்குக் கொண்டுபோங்கள். 'இன்னும் ஒரு கால் சுற்று' என்று இழுத்தால் பேக்கலைட் விரியும், காது வளையும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிடும். 200 கி.மீ. ஓடியபின், எஞ்சின் ஆறிய நிலையில், ஒரு தடவை திரும்ப இறுக்குங்கள். புதுக் கேஸ்கெட் கொஞ்சம் அமர்ந்திருக்கும்.

போட்டபின் ஐட்லிங் ஏறிவிட்டது, அல்லது ஆடுகிறது. என்ன தவறு?

இரண்டு இடம் பாருங்கள். ஒன்று கேபிள். கார்புரேட்டர் 6 மி.மீ. நகர்ந்துவிட்டதால் ஆக்சிலரேட்டர் கேபிளும் சோக் கேபிளும் இழுபட்டிருக்கலாம். மிதியை யாரையாவது முழுதாக மிதிக்கச் சொல்லி, த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா, விட்டதும் 'டக்'கென்று மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். இதைப் பார்க்காமல் ரோட்டில் ஏறாதீர்கள். அடுத்த ரோபாட்டில் (டிராஃபிக் சிக்னல்) சிவப்பு விழும்போது மிதி திரும்பாவிட்டால் ஐட்லிங் பிரச்சினை சின்னதாகிவிடும்.

இரண்டாவது காற்றுக் கசிவு. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, புகை மேனிபோல்ட் சூடாவதற்குள், ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை ஒவ்வொரு சேர்க்கையிலும் மெல்லத் தெளியுங்கள். ஐட்லிங் மாறும் இடத்தில்தான் ஓட்டை. கார்புரேட்டர் கிளீனர் அடித்துத் தேடுவது பலருக்குப் பழக்கம். கீழே புகை மேனிபோல்ட் சூடாக இருந்தால் அது தீ வைப்பதற்குச் சமம்.

இரட்டைக் கார்புரேட்டர் என்றால் இரண்டு ஸ்பேசரும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடு லிங்கேஜ் கோணலாகிப் பிடிக்கும்.

டாட்சன், வெபர், பீட்டில் வண்டிகளுக்கு தனியாக ஏதாவது?

டாட்சன் 1200இலும், 2008 வரை இங்கே பிரிட்டோரியா அருகே ராஸ்லினில் தயாரான 1400 பக்கியிலும் கம்பெனியே கார்புரேட்டருக்கு அடியில் பேக்கலைட் வைத்திருக்கிறது. அது விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை மட்டும் மாற்றினால் போதும், இரண்டாவது தேவைப்படாது. பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவிலும் ஒரு பேக்கலைட் துண்டு உண்டு. அதைத் தடிமனாக்காதீர்கள், பம்பின் கை, அதை அசைக்கும் கேமைச் சரியாகத் தொடாமல் பெட்ரோல் குறையும்.

வெபர் 32/36 கார்புரேட்டர் மாற்றிப் போட்டவர்கள் வழக்கமாக இரண்டு அலுமினிய அடாப்டர் போட்டிருப்பார்கள். பேக்கலைட்டைக் கீழ் அடாப்டருக்கும் மேனிபோல்டுக்கும் நடுவில் வையுங்கள். மேலே வைத்தால் அடாப்டர் இரண்டும் சூடாகவே இருக்கும்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்குக் கார்புரேட்டர் ஸ்பேசரே வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது எஞ்சினைச் சுற்றியுள்ள ரப்பர் சீலும், ஸ்பார்க் பிளக் வயர்களின் ரப்பர் மூடியும். அவை கிழிந்தால் அடியிலுள்ள சூடான காற்றை விசிறியே மேலே இழுத்துக்கொள்ளும். பம்பின் பேக்கலைட்டை மாற்றினால் பம்பை இயக்கும் தள்ளுகம்பி உச்சத்தில் 13 மி.மீ. வெளியே நிற்கிறதா என்று அளந்துவிட்டுப் பூட்டுங்கள். மெல்லிய கேஸ்கெட் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம்.

பானெட் ரப்பர்கள் எத்தனை வகை?

முன்னால் பானெட் உட்காரும் குமிழ்கள், ஓரங்களில் ஒட்டும் சின்னத் திண்டுகள், பின்னால் ஃபயர்வால் ஓரமாக ஓடும் நீளமான சீல். குமிழ் போனால் பானெட் தடதடக்கும், என்3 நெடுஞ்சாலை வேகத்தில் படபடவென்று அடித்துக் கீல் பக்கம் தகடு விரிசல் விடும். பின் சீல் போனால் சத்தம் எதுவும் வராது. அதனால் யாரும் கவனிப்பதில்லை. உண்மையில் முக்கியமானது அதுதான். எஞ்சின் புகையும் பெட்ரோல் ஆவியும் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வழியில் நுழைந்து, ஹீட்டர் வழியாக உள்ளே வந்துவிடும்.

எந்த ரப்பர் வாங்குவது?

பின் சீலுக்கும் ஓரத் திண்டுக்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். வெயிலையும் ஓசோனையும் தாங்கும், ஆனால் எண்ணெய் பட்டால் ஊறிப்போகும். எண்ணெய் தெறிக்கும் இடத்துக்கு நியோப்ரீன். நைட்ரைல் எண்ணெய்க்கு நல்லது, வெயிலில் வெடித்துவிடும். முன் குமிழ் கடினமாகவும், பின் சீல் விரலால் அழுத்தினால் பாதி அமுங்கும் ஸ்பாஞ்சாகவும் இருக்க வேண்டும். சீல் கல்லாக இருந்தால் பானெட்டின் பின் ஓரம் தூக்கி நிற்கும்.

ஒட்டுவது எப்படி?

பழைய ரப்பரை எடுத்ததும் அடியில் துரு தெரியும். டர்பன் உப்புக் காற்றில் இது இல்லாத வண்டி அபூர்வம். துருவைத் தேய்த்து, பிரைமர், பெயின்ட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த வேலை. ஃபயர்வால் ஓரத் தண்ணீர் ஓட்டைகளில் இலை அடைத்திருந்தால் அதையும் இப்போதே குத்தி எடுத்துவிடுங்கள்.

மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் துடைத்து, ஜென்கெம் போன்ற கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிஷம் விடுங்கள். ஒட்டும்போது சீலை இழுக்காதீர்கள். இழுத்து ஒட்டிய ரப்பர் சில வாரத்தில் சுருங்கி இரண்டு முனையிலும் இடைவெளி விடும். 10 மி.மீ. கூடுதலாக வெட்டி, அமுக்கிச் சேர்த்து ஒட்டுங்கள். பானெட் தொடும் முகத்தில் டால்கம் பவுடர் தடவினால் பெயின்டோடு ஒட்டிக்கொள்ளாது.

குமிழ் உயரத்தை எப்படிச் சரிசெய்வது?

எல்லாக் குமிழ்களையும் கீழே இறக்கிவிட்டு, பானெட்டை மூடி, பக்கத் தகட்டோடு மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்த மூலையில் குமிழை அரைச் சுற்று வீதம் ஏற்றுங்கள். மட்டம் வந்ததும் ஒவ்வொரு குமிழுக்கும் மேல் ஒரு காகிதத் துண்டு வைத்து மூடி இழுங்கள். கிழியாமல், கொஞ்சம் பிடித்துக்கொண்டு வர வேண்டும். லகுவாக வந்தால் இன்னும் அரைச் சுற்று. பிறகு லாக் நட்டை இறுக்குங்கள்.

பூட்டு முள்ளின் நீளத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். மூடிய பானெட்டைக் கையால் அழுத்தினால் ஓரிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது, கொக்கியை இழுத்தால் தானே மேலே எழ வேண்டும். பலம் போட்டு அறைந்து மூடினால்தான் பூட்டுகிறது என்றால் குமிழ் அதிகம் ஏறிவிட்டது. அந்த நிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். இரண்டாவது பாதுகாப்புக் கொக்கி வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

பானெட்டின் பின் ஓரத்தை வாஷர் வைத்துத் தூக்கினால் சூடு வெளியே போகுமாமே?

நிற்கும்போது கொஞ்சம் போகும். ஓடும்போது நேர்மாறு. முன் கண்ணாடியின் அடியில் காற்று முட்டி அழுத்தம் கூடும், ஆகவே காற்று அந்தச் சந்து வழியாக உள்ளே வரும். பின் சீலும் அத்தோடு பயனற்றுப்போகும். அந்த வாஷர்களுக்குச் செலவழிக்கும் நேரத்தில் கார்புரேட்டருக்கும் புகை மேனிபோல்டுக்கும் நடுவே 1 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒரு கவசம் வெட்டிப் போடுங்கள். எந்தப் பக்கமும் 10 மி.மீ. இடைவெளி விட்டு, மேனிபோல்டைத் தொடாமல் நிற்க வேண்டும். பெட்ரோல் குழாயையும் அந்தத் தகட்டுக்கு மேல்பக்கமாகத் திருப்பி விடுங்கள். ஸ்பேசர் போட்டும் சூட்டில் மூழ்கும் வண்டிகளில் பலவற்றுக்கு மிச்சமிருந்த காரணம், புகை மேனிபோல்டில் ஒட்டிக்கொண்டு போகும் அந்தக் குழாய்தான்.